ஃபேன் வேண்டாம் என்ற ஏழாவது வரி

சென்ற வாரம் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா போன் செய்து, "வீட்டுல ஒரு ஃபேன் மாட்டணும்த்தா" என்றார். எங்கள் வீடு கொடைக்கானலில் இருக்கிறது. மறுபடியும் சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

2. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு மலை ஏறினேன். பெருமாள்மலை தாண்டியதும் பழக்கதோஷத்தில் பஸ் ஜன்னலை மூடினேன். பக்கத்து சீட்டு அம்மா, "புழுங்குதுல்ல, தெறந்து விடும்மா" என்றார்.

3. எங்கள் வீட்டுக் கூரையில் ஃபேன் மாட்டும் கொக்கி இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை. கட்டியவர்களுக்கு அப்படி ஒரு தேவை வரும் என்று தோன்றியிருக்காது.

4. மலையடிவாரத்துப் பத்தலக்குண்டுக்கு இறங்கிப் போய் ஃபேனும் கொக்கியும் வாங்கி வரும்படி அப்பா சொன்னார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டரை. எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், பஜாரில், சாகுல் மாமாவின் கடையில் ஆள் உயரத்துக்கு ஃபேன் அடுக்கியிருக்கிறது.

5. அந்தக் கடைப் படியை எங்கள் வீட்டில் யாரும் பதினெட்டு வருடமாக மிதித்ததில்லை.

6. வெள்ளிக்கிழமை காலையில் நான் மிதித்தேன்.

பதினெட்டு வருடத்துக்கும் காரணம் ஒரு கிராபிக்ஸ் கார்டு. அது எரிந்துபோனதற்கான பழி சாகுல் மாமாவின் தலையில் இருக்கிறது. தப்பு என்னுடையது. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

கடைக்குள் நுழைந்ததும் புது ஃபேனின் பெயிண்ட் வாசனை, தெர்மோகோல் வாசனை. அதற்கு அடியில், நன்றாக மூச்சை இழுத்தால், பழைய ஈயப்பற்று வாசனை இன்னும் கொஞ்சம் இருந்தது. முன்பு கடை மேசையில்தான் சாகுல் மாமா ரேடியோவுக்கும் டார்ச்சுக்கும் பற்று வைப்பார். அந்த வாசனை வந்ததும் எனக்குப் பதினேழு வயதாகிவிட்டது. பதினேழு வயதில் நான் சகிக்க முடியாத பிள்ளை. எதையும் எண் போட்டு எழுதினால் அது சரியாகிவிடும் என்று நம்பினேன். இப்போதும் எண் போடுகிறேன். நம்பிக்கைதான் போய்விட்டது.

அப்பா அப்போது தூண் பாறையில் புகைப்படக்காரர். காட்சிமுனையின் கம்பிவேலி ஓரம் வரிசையாக நின்று, "ஃபேமிலி போட்டோ சார், ஒன் அவர்ல பிரிண்ட் சார்" என்று கூப்பிடுகிற ஏழெட்டுப் பேரில் ஒருவர். வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. அவருடைய தொழிலுக்கு ஒரே ஒரு எதிரி, அந்தத் தொழிலுக்கு முதலாக இருந்த அதே மூடுபனி. அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் மலை ஏறி வந்தார்கள். அவர்கள் தலை வாரி, பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, மாமியாரை நடுவில் நிறுத்தி, சிரிக்கத் தயாராகும்போது கீழே பள்ளத்திலிருந்து அது பொங்கி வந்து பாறையை மூடிவிடும். படத்தில் ஒரு குடும்பமும் ஒரு வெள்ளைச் சுவரும் இருக்கும். "இத எங்கூரு ரேஷன் கடைச் செவுத்துலயே எடுத்திருக்கலாமேய்யா" என்று ஒருவர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

ஃபிலிம் போய் டிஜிட்டல் கேமரா வந்துகொண்டிருந்த நேரம். மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஜோடியைக் கத்தரித்துப் பனிமலையின் முன்னால் ஒட்டியிருந்ததை அப்பா பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மதுரையில் இருந்துகொண்டு அவன் மலையை ஒட்டுகிறான், மலைமேலேயே இருந்துகொண்டு நாம் வெள்ளைச் சுவரை விற்கிறோம் என்பது அவருடைய மனக்குறை. ஊரில் ஒரு போர்டிங் ஸ்கூல் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது ஒன்றை வாங்கிப் போட்டார். அதற்கு எங்கள் வீட்டில் பெயர் 'பொட்டி'.

பொட்டியில் படத்தைத் திறந்தால் வானம் படிக்கட்டு மாதிரி பட்டை பட்டையாகத் தெரிந்தது. முகங்களில் பச்சை தட்டியது. அப்பா சாகுல் மாமாவைக் கூட்டி வந்தார். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு அவர் 'பாய்', அவருக்கு அப்பா 'மாப்ள'. காலை டீ ஒன்றாகக் குடிக்காவிட்டால் இருவருக்கும் அன்றைய சோலி ஓடாது. அவர் ரேடியோக்காரர், கம்ப்யூட்டர்காரர் இல்லை. ஆனால் பஜாரில் மின்சாரம் ஓடும் எந்தப் பொருளுக்கும் அவர்தான் வைத்தியர். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுல கிராபிக்ஸ் கார்டு இல்ல மாப்ள. அது இருந்தாத்தான கிராபிக்ஸ் வரும்?"

அப்பா யோசித்தார். "அந்தக் கார்டுக்குள்ள நம்ம தூண் பாறை இருக்குமா, இல்ல நாமதான் படம் புடிச்சுக் குடுக்கணுமா?"

"அதெல்லாம் பாப்பாட்ட கேளு. அதுதான படிக்குது."

பாப்பா நான். அந்த வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூர் போய் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அரை மனது. பொம்பளைப் பிள்ளையை மலை இறக்குவானேன், இங்கேயே ஒரு டிகிரி படித்தால் போதாதா என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். அன்று அப்பா பொட்டியைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: "இந்தா கெடக்கு. இத ஒழுங்கா ஓட வச்சுக் காமி. அனுப்புறேன்."

ஆக, அந்த கிராபிக்ஸ் கார்டுதான் எனக்கு நுழைவுத் தேர்வு. அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என்மேல் கொஞ்சம் இரக்கம் வரலாம். வராவிட்டாலும் பாதகமில்லை.

மாதம் ஒருமுறை சரக்கு எடுக்க மதுரை போகும் சாகுல் மாமா, அந்த மாதம் கார்டு விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்தார். பத்துப் பதினைந்து இருக்கும். அவற்றைக் கடை மேசையில் பரப்பினோம். பெண் பார்க்கும் சடங்குக்குக்கூட எங்கள் வீட்டில் அவ்வளவு ஆலோசனை நடந்ததில்லை. அந்தக் காலத்து கிராபிக்ஸ் கார்டு அட்டைப்பெட்டியை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும்: ஒவ்வொன்றிலும் நெருப்புக் கக்கும் டிராகன், அல்லது இரும்பு மனிதன், அல்லது அரைகுறை உடையில் கத்தி ஏந்திய ஒரு பெண். அப்பாவுக்கு அந்தப் பெண் வேண்டாம். ஸ்டுடியோவுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் குளிருல இந்தப் பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டராச்சும் போட்டுவிடக் கூடாதா?" என்றாள். டார்ச்சுக்குப் பேட்டரி வாங்க வந்த ஒரு ஜீப் டிரைவர் நின்று கேட்டுவிட்டு, "எம்பி ஜாஸ்தியாப் பாத்து எடுங்கண்ணே. எம்பி இல்லாட்டி ஏத்தத்துல இழுக்காது" என்றார். அப்பா அதைப் பயபக்தியுடன் குறித்துக்கொண்டார்.

நான் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. பள்ளிக்கூட லைப்ரரியில் இரண்டு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளை மனப்பாடம் செய்துவிட்டு, வீட்டில் பொட்டியைத் திறந்து கார்டு செருகும் துளைகளை எண்ணி, ஒன்பது வரிக்கு ஒரு சீட்டு எழுதினேன். எந்தத் துளைக்குப் பொருந்த வேண்டும், எத்தனை எம்பி மெமரி, என்ன நீளம், எந்த மானிட்டருக்கு. முதல் ஆறு வரிகளும் சரி. இன்று இருபது வருட அனுபவசாலி ஒருவர் பார்த்தாலும் சரி என்பார்.

கடைசியில் இரண்டு கார்டுகள் மிஞ்சின. எல்லாவற்றிலும் ஒன்றுபோல. விலைகூட ஒன்று. ஒரே ஒரு வித்தியாசம்: ஒன்றின்மேல் தீப்பெட்டி அளவுக்கு ஒரு குட்டி ஃபேன் இருந்தது, மற்றதில் வெறும் அலுமினியச் சீப்பு மாதிரி ஒரு பட்டை.

நீங்கள் சமவெளிக்காரராக இருந்தால் இந்த இடத்தில் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டீர்கள். நாங்கள் யோசித்தோம். ஃபேன் என்பது எங்களுக்கு மதுரைக்காரர்களின் சாமான். திண்டுக்கல்லில் அத்தை வீட்டுக்குப் போனால் தலைக்குமேல் ஒன்று கடகடவென்று சுற்றும். இரண்டாம் நாள் எங்கள் எல்லோருக்கும் ஜலதோஷம் பிடிக்கும். எங்கள் ஊரில் சூடு என்பது தேடிச் சேர்த்து வைக்க வேண்டிய பொருள். அதை வெளியே தள்ளுவதற்கு ஒரு யந்திரமா? சுடச்சுட இருக்கும் வெந்நீரில் யாராவது பச்சைத் தண்ணீரைக் கலப்பார்களா? அந்தத் தாள்கள் வெயில் ஊர்க்காரர்களுக்காக அச்சடித்தவை, நம் ஊருக்கு நாம்தான் திருத்திப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதும் எழுதினேன்:

ஏழாவது வரி. ஃபேன் வேண்டாம் (கொடைக்கானல்).

அந்த அடைப்புக்குறியை நினைத்து அன்று முழுக்கப் பெருமைப்பட்டேன். ஊருக்கேற்றபடி சிந்திக்கிற இன்ஜினியர் மூளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீட்டைச் சாகுல் மாமாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்து, ஏழாவதில் நின்று, "அதுவும் சரிதான். இங்க எதுக்கு ஃபேன்?" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்பாவிடம் நான் சீட்டைக் காட்டவில்லை. காட்டினாலும் அவர் எம்பியைத்தான் பார்த்திருப்பார்.

கார்டு வந்தது. பொருந்தியது. வானம் வானமாகத் தெரிந்தது. அப்பா மானிட்டருக்குக் கற்பூரம் காட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஓர் அலமாரி இருந்தது. மலை ஊரில் கேமரா வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும். ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், மர அலமாரிக்குள் ஒரு நாற்பது வாட்ஸ் குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டு, லென்ஸ்களை உள்ளே வைத்துச் சாத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் உப்பு ஜாடி, தீப்பெட்டி, என் பள்ளிக்கூட சாக்ஸ் எல்லாம் அதற்குள்தான். உலகத்திலேயே அப்பா மிகவும் நம்பிய இடம் அது. பொட்டி விலை கூடிய பொருள், அதனால் அதையும் அலமாரிக்குள் வைத்து, வயர்களை மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே இழுத்தார். மே மாதத்து மழையில் குளிர் கொஞ்சம் கூடியதும், அம்மா தன் பங்குக்கு ஒரு பழைய கம்பளியை எடுத்துப் பொட்டிக்குப் போர்த்தினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது அக்கறையாகத்தான் தெரிந்தது.

மூன்று வாரம் அமோகமாக ஓடியது. அப்பா ஒரு தெளிவான காலையில் வெள்ளனே போய்த் தூண் பாறையைத் தனியாக ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். மூடுபனியில் நின்ற குடும்பங்களை நான் கத்தரித்து அந்தப் பாறையின் முன்னால் ஒட்டுவேன். படத்தின் இடது மூலையில் ஒரு காகம் பறந்துகொண்டிருந்தது. அழிக்கத் தெரியாததால் விட்டுவிட்டேன். அந்த சீசனில் எங்களிடம் படம் எடுத்த எல்லோர் வீட்டு ஆல்பத்திலும் அதே காகம் அதே இடத்தில் பறந்துகொண்டிருக்கும். நிழல்கள் வேறு பக்கம் விழும். ஒருவரும் குறை சொல்லவில்லை. வெள்ளைச் சுவருக்குக் காகம் எவ்வளவோ மேல்.

பிறகு அந்த சனிக்கிழமை. திருப்பூரிலிருந்து ஒரு டூரிஸ்ட் பஸ், பன்னிரண்டு குடும்பம், பன்னிரண்டும் மூடுபனியில். நான்கு மணிக்கு பஸ் கிளம்பிவிடும். ஐந்தாவது குடும்பத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது தூண் பாறை ஊதா நிறமானது. பிறகு கோடு கோடாக நடுங்கியது. பிறகு திரை கறுத்துவிட்டது. அலமாரியிலிருந்து ஒரு வாசனை வந்தது: பிளாஸ்டிக், சூடான தூசி, அம்மாவின் கம்பளி, மூன்றும் கலந்து. பின்னாளில் எவ்வளவோ சாமான்கள் எரிந்து பார்த்திருக்கிறேன், தொழில் அப்படி. அந்த வாசனை திரும்ப வந்ததில்லை.

வாசலில் திருப்பூர்க்காரர்கள், "என்னங்ணா, ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா கேமராவிலிருந்தே நேராகப் பிரிண்ட் போட்டு, அவர்களுக்கு வெள்ளைச் சுவர்களையே கையில் கொடுத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை நானும் அப்பாவும் பொட்டியைத் திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம். குலுங்கக் கூடாதென்று அதே கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு. மெக்கானிக் திறந்து பார்த்தார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். அப்பா விவரமாகச் சொன்னார்: அலமாரி, பல்பு, கம்பளி. ஒரு பொறுப்பான தகப்பனின் குரலில் சொன்னார். மெக்கானிக் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஃபேன் இல்லாத கார்டு. மூடுன அலமாரி. உள்ள பல்பு. மேல கம்பளி. ஏங்க, நீங்க படம் போட்டீங்களா, இட்லி அவிச்சீங்களா?"

பிறகு கேட்டார்: "ஃபேன் இல்லாம எவன் எடுத்துக் குடுத்தது?"

பல்பு, கம்பளி, அலமாரி எல்லாம் அப்பாவின் காதில் விழவில்லை. அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் விழுந்தது. ஊரில் பஸ் விட்டு இறங்கியதும் அப்பா நேராகப் பஜாருக்கு நடந்தார். நான் கம்பளியும் பொட்டியுமாகப் பின்னால் ஓடினேன்.

"என்ன சாமான்யா வாங்கியாந்து குடுத்த பாய்?"

"ஏன் மாப்ள, என்ன ஆச்சு?"

"ஃபேன் இல்லாத கார்டாம்ல. எவனோ கழிச்சுப் போட்டதக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டியே!"

"ஏலே, பாத்துப் பேசு. ஒம்மக எழுதுன சீட்டுப்படி வாங்குனேன். அதுலதான் ஃபேன் வேணாம்னு போட்டிருந்துச்சு."

"எங்க, சீட்டக் காட்டு."

சாகுல் மாமா சட்டைப் பையைத் துழாவினார். மேசை இழுப்பறையை இழுத்தார். ஸ்குரூ டப்பாக்களைக் கவிழ்த்தார். "இங்கனதான் கெடந்துச்சு..." என்றார். சீட்டு இல்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீயா அப்பிடி எழுதுன?"

ஆமாம் என்றால் என்னென்ன ஆகும் என்று ஒரு பட்டியல், எண்களோடு, மனதில் ஓடியது. முதல் எண்ணில் கோயம்புத்தூர் இருந்தது. இரண்டாவது எண் வரை நான் போகவில்லை.

"இல்லப்பா" என்றேன்.

சாகுல் மாமா என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வேலை செய்துகொண்டிருந்த ரேடியோ திடீரென்று நின்றுபோனால் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். அப்புறம் அப்பாவிடம் திரும்பி, "ஒரு டப்பா கேமராவ வச்சுக்கிட்டு மிஸ்ட்டப் படம் புடிச்சு விக்கிறவனுக்கு கார்டு ஒரு கேடு" என்றார். அப்பா படியிறங்கினார்.

ஒரே வீட்டில் மூன்று குற்றவாளிகள் இருந்தோம்: ஃபேன் வேண்டாம் என்று எழுதியவள், அலமாரியில் வைத்தவர், கம்பளி போர்த்தியவள். தண்டனையைப் பஜாரில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டோம். "பிள்ள சரியாத்தான் எழுதிக் குடுத்துச்சு. வாங்கியாந்தவன் கெடுத்துட்டான்" என்று அப்பா சொந்தக்காரர்களிடம் சொன்னார். அந்த வாக்கியத்தில் ஏறித்தான் நான் கோயம்புத்தூர் போனேன்.

கல்லூரி முதல் வருடத்தில், லேப் கம்ப்யூட்டர் ஒன்றில் வானம் படிக்கட்டாகத் தெரிந்தது. சொல்லிக்கொடுத்தவர் வந்து, நிறங்களின் எண்ணிக்கை என்ற ஓர் அமைப்பைத் திறந்து, இருநூற்று ஐம்பத்தாறை மாற்றி வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார். வானம் சரியாகிவிட்டது. கால் நிமிட வேலை. எங்கள் பொட்டியிலும் அதையே செய்திருக்கலாம். அதற்கு கிராபிக்ஸ் கார்டே தேவைப்பட்டிருக்காது. அன்று மத்தியானம் நான் ஹாஸ்டலில் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். முதல் செமஸ்டர் முடிந்ததும், பிறகு டிகிரி முடிந்ததும், வேலை கிடைத்ததும், முதல் சம்பளம் வந்ததும் என்று ஒவ்வொரு முறையும் தேதி குறித்து, ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிப் போனேன். இதற்கிடையில் அப்பா டீக்கடையை மாற்றிவிட்டார். பழைய டீக்கடை சாகுல் மாமாவின் கடையை ஒட்டியது. புதியது மேட்டில், பதினைந்து நிமிட ஏற்றம், டீ சுமார். பதினெட்டு வருடமாக மூச்சு வாங்க ஏறிப்போய் சுமாரான டீ குடிக்கிறார். நோன்பு மாதத்தில் சாகுல் மாமா வீட்டிலிருந்து தூக்குவாளியில் வரும் கஞ்சி நின்றது. பொங்கலுக்கு அம்மா அந்த வீட்டுக்கு அனுப்பும் கரும்பு நின்றது. நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். என்ன வேலை என்று கேட்பீர்கள். பெரிய கம்ப்யூட்டர் அறைகளில் சூட்டை வெளியேற்ற எத்தனை ஃபேன் வேண்டும், எங்கே வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை. இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டார்கள். சின்ன வயதிலிருந்தே ஆர்வம் என்றேன்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சாகுல் மாமாவுக்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். நேற்றுத்தான் வந்துபோனவளைப் போல, "என்ன பாப்பா, ஃபேனா?" என்றார்.

"ஆமா மாமா."

"எல்லாரும் அதுக்குத்தான் வாராக. கொடைக்கானல்ல நான் ஃபேன் விக்கிறேன். எங்க அத்தா இருந்தா கல்லாவுல ஒக்காந்து சிரிப்பாரு."

பெட்டியை இறக்கி, இறக்கைகளை எண்ணிக் காட்டினார். நான் தயார் செய்து வந்ததை எல்லாம் மறந்துவிட்டு, "மாமா, அன்னைக்கு ஃபேன் வேணாம்னு எழுதுனது நான்தான்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா? ஏழாவது அயிட்டம். பக்கத்துல கொடைக்கானல்னு வேற எழுதி வச்சிருந்த, எனக்கு என்னமோ ஊரு தெரியாத மாதிரி."

"அப்பறம் ஏன் மாமா அப்பாட்ட..."

"என்னத்தச் சொல்ல? சீட்டத் தொலைச்சுட்டேன்ல! மூணு நாளு கடையவே தலைகீழாக் கவுத்துத் தேடுனேன். கெடைச்சிருந்துச்சுன்னா அன்னைக்கே ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு வாசிச்சிருப்பேன்." பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே சொன்னார்: "சின்னப் பிள்ளைன்னு பாவம் பாத்து விட்டேன்னு நெனச்சியாக்கும்?"

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பதினெட்டு வருடமாக. அது எனக்குப் பெரிய வசதியாக இருந்தது.

"மன்னிச்சுருங்க மாமா."

"எங்கிட்ட எதுக்கு? அவன்ட்ட போய்ச் சொல்லு." கேரண்டி அட்டையை எடுத்தார். பெயர் எழுத வேண்டிய இடத்தில், என்னைக் கேட்காமல், அப்பாவின் முழுப்பெயரை இனிஷியலோடு எழுதினார். அதன்மேல் கடை முத்திரையை அழுத்தி இரண்டு முறை குத்தினார். கொக்கியையும் கொடுத்தார். மாட்டித்தர வருவீர்களா என்று கேட்டதற்கு, "அவன் வந்து கூப்புடட்டும்" என்றார்.

வீட்டில் அப்பா முத்திரையைத்தான் முதலில் பார்த்தார்.

"பத்தலக்குண்டுல வாங்குனதா?"

"இல்லப்பா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு, ஏழாவது வரி, கோயம்புத்தூர், கடைசியில் அந்தக் கால் நிமிட வேலை வரைக்கும். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப அலமாரில வச்சது?"

"அது நீங்கப்பா."

"கம்பளி?"

"நாந்தான் போத்துனேன்" என்று அடுக்களையிலிருந்து அம்மா சொன்னாள். "குளிருச்சுல்ல!"

அப்பா கேரண்டி அட்டையை எடுத்து இன்னொரு தடவை முத்திரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அதெல்லாம் சரித்தா. என் கேமராவ டப்பான்னு சொன்னான்ல? அதுவும் நீ எழுதிக் குடுத்ததா?" என்றார்.

கார்டு எப்போதோ செத்துவிட்டது. சண்டை மட்டும் தனியாக வளர்ந்து, மேட்டு டீக்கடை வரை நடந்துபோய், அதற்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டுவிட்டது. என் ஒப்புதலை வைத்து அதை முடித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கும் ஏழாவது வரி மாதிரிதான்.

என்னென்ன இல்லாமல் போயின என்று அன்று மாலை வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அலமாரி இருக்கிறது, உள்ளே பல்பு எரியவில்லை, லென்ஸ் இல்லை. உப்பு வெளியே ஜாடியில் உதிரியாக இருக்கிறது. தூண் பாறையில் வேலியோரம் நின்ற ஏழெட்டுப் பேரில் ஒருவரும் இல்லை. எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, போனே மூடுபனியை அழித்துக் கொடுக்கிறது. அழிப்பதற்கு அவ்வளவாக மூடுபனியும் வருவதில்லை. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்துவைத்தால் முன்னறைக்குள் வந்து நிற்குமே, அதை இந்த முறை நான்கு நாளும் காணவில்லை.

இப்போதைய நிலவரம் இது. எலக்ட்ரீஷியன் கூரையைத் துளைத்துக் கொக்கி மாட்டினார். ஃபேன் ஓடுகிறது. அப்பா அதன் அடியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாகுல் மாமாவும் அவரும் இன்னும் பேசவில்லை. கேரண்டி அட்டை அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. நான் சென்னைக்குக் கிளம்பும்போது அப்பா மேலே பார்த்து, "என்னமோ சத்தம் வருதுத்தா. கடையில போய்க் கேக்கணும்" என்றார். மூன்று வேகத்திலும் ஓட்டிப் பார்த்தேன். ஃபேனில் ஒரு சத்தமும் இல்லை.